முகரும் பெட்டியின் கதை

எங்கள் வீட்டுச் சமையலறையில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், சுவரோடு ஒட்டியபடி ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. சோப்பு டப்பா அளவுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் கொசுவிரட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். அது கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தவழும், அதனால்தான் பெட்டியைக் கீழே மாட்டியிருக்கிறார்கள்.

அது வந்த கதை இப்படி. 2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. வாசனை திரும்பி வரவில்லை. காலைக் காப்பி வெறும் சூடான தண்ணீர். ரசம், புளித்த சூடான தண்ணீர். "ஏங்க, பெருங்காயம் தூக்கலா இருக்கா?" என்று என் மனைவி பழக்கத்தில் கேட்பாள், நான் பழக்கத்தில் தலையாட்டுவேன். ஒரு நாள் அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. நான் நாலடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கேஸ் வெளியேறிக்கொண்டே இருந்தது. அவள் படியிறங்கி வரும்போதே கத்தினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாளே சென்னையிலிருந்து மகள் இந்தப் பெட்டியை வரவழைத்துவிட்டாள். "அப்பா, உங்க மூக்கு வர்ற வரைக்கும் இதுதான் உங்க மூக்கு" என்றாள்.

வேறு யாருக்கோ இப்படி நடந்திருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது. நான் முப்பது வருடத்துக்கு மேல் மூக்கை வைத்துச் சம்பளம் வாங்கியவன். ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் பால் பரிசோதகர். கிராமத்துச் சங்கங்களிலிருந்து லாரியில் வரும் 40 லிட்டர் கேன்களை டாக்கில் இறக்குவார்கள். ஒவ்வொரு மூடியாகத் திறந்து, முகத்தைத் தாழ்த்தி, ஒரு இழுப்பு. சரி என்றால் உள்ளே, இல்லையென்றால் ஓரமாக. ஒரு கேனுக்கு மூன்று நான்கு விநாடிக்கு மேல் ஆகாது. சுமார் இருபது வீட்டு மாடுகளின் பால் அந்த மூன்று விநாடியில் விலை போகும், அல்லது போகாது.

இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கியதில்தான் இந்தக் கட்டுரை வந்தது. முகர்வதற்கும் சுவைப்பதற்கும் மனிதன் கருவி செய்த கதை. அதன் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் நாட்டில், கொல்கத்தாவில் நடந்திருக்கிறது.

மனிதன் முதலில் தன் மூக்குக்குப் பதில் பிற உயிர்களை நம்பினான். வேட்டைக்கு நாய். நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கேனரிக் குருவி. சுரங்கத்தில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மனிதனுக்கு முன்னால் சின்ன உடம்பு தடுமாறும் என்பதால் குருவியைக் கூண்டில் கொண்டுபோகலாம் என்று 1890-களில் யோசனை சொன்னவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி. பிரிட்டிஷ் சுரங்கங்களில் அந்தக் குருவிகளுக்கு ஓய்வு கிடைத்தது 1986-ல். அதாவது நான் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அங்கே குருவிதான் கருவி.

சமையல் கேஸுக்கும் இயற்கையில் மணம் கிடையாது. நமக்குத் தெரிவது அதில் கலக்கும் மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளின் வாடை. இந்த வழக்கம் பரவியதற்குப் பின்னால் ஒரு பெரிய சோகம் இருக்கிறது. 1937 மார்ச் 18-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் கசிந்து தேங்கிய எரிவாயு வெடித்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள். வாயுவுக்கு மணமில்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகு எரிவாயுவில் வாடை கலக்கச் சட்டம் வந்தது. ஆக, நம் அடுப்பிலிருந்து வரும் அந்த நாற்றம் மூக்கை நம்பிச் செய்த ஏற்பாடு. மூக்கு வேலைசெய்யாதவனுக்கு அந்த ஏற்பாடு உதவாது. அதை நான் நேரடியாகவே கற்றுக்கொண்டேன்.

வாசனையை அளக்க ஏன் இவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்கலாம். தொலைபேசி தந்த கிரகாம் பெல் 1914-ல் பள்ளி மாணவர்களுக்கு ஆற்றிய உரையிலேயே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். மல்லிகை மணத்துக்கும் பெருங்காய வாடைக்கும் எவ்வளவு தூரம் என்று சொல்ல ஓர் அளவுகோல் இருக்கிறதா? ஒலியில் சுருதி கூடும், குறையும். நிறத்தை மூன்று அடிப்படை நிறங்களில் பிரித்துவிடலாம். வாசனைக்கு அப்படி ஒரு ஏணி இல்லை. காப்பியின் மணம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது நூற்றுக்கணக்கான ஆவிகளின் கலவை.

முதல் உருப்படியான வழி ஜப்பானில் பிறந்தது, அதுவும் கேஸ் வெடிப்பிலிருந்துதான். போருக்குப் பிறகு அங்கே வீடு வீடாக சிலிண்டர் போனது, கூடவே விபத்துகளும். நவோயோஷி டாகுச்சி என்பவர் வெள்ளீய ஆக்சைடை வைத்து ஒரு வாயு உணரி செய்து 1962-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே ஆண்டில் கியூஷு பல்கலைக்கழகத்தின் டெட்சுரோ செய்யாமா துத்தநாக ஆக்சைடை வைத்து இதே தத்துவத்தைக் காட்டினார். 1969-ல் டாகுச்சி தொடங்கிய ஃபிகாரோ நிறுவனம் இந்த உணரிகளை உலகமெங்கும் விற்றது. இன்று வீடுகளில் கத்துகிற கேஸ் பெட்டிகள் பலவற்றுக்கும் மூதாதை அதுதான்.

வெள்ளீயம் நமக்குப் புதிதல்ல. அம்மா ரசம் வைத்த ஈயச்சொம்பு அந்த உலோகம்தான். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் அதுதான். அது ஆக்சிஜனோடு சேர்ந்தால் வெள்ளீய ஆக்சைடு. அதைச் சில நூறு டிகிரிக்குச் சூடாக்கி வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மேல் ஒட்டிக்கொண்டு, உள்ளே ஓடவேண்டிய எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மின்சாரம் ஓடச் சிரமப்படும். கேஸ் வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து அதை அகற்றிவிடும். பிடிபட்ட எலக்ட்ரான்கள் விடுதலையாகும். மின்தடை குறையும். குறைந்தால் மணி அடி. இவ்வளவுதான் விஷயம்.

இதில் ஒரு குறை உண்டு. கேஸ் வந்தால் மட்டும்தான் என்று இல்லை, எரியக்கூடிய ஆவி எது வந்தாலும் அதற்குத் தடை குறையும். எங்கள் பெட்டி வந்த மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுப் பையன் சமையலறைக்குள் வந்து கையில் சானிடைசர் தேய்த்துக்கொண்டு பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். வீடே அதிரும்படி கத்தியது. சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால்! பையன் பயந்து ஓடியேவிட்டான்.

இந்தக் குறையை ஒரு வரமாக மாற்றியவர்கள் இங்கிலாந்தில் வார்விக் பல்கலைக்கழகத்தில் இருந்த கிருஷ்ணா பெர்சாடும் ஜார்ஜ் டாட்டும். 1982-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது அவர்கள் கட்டுரை. அவர்கள் யோசித்தது இப்படி: ஒவ்வொரு வாசனைக்கும் தனித்தனி உணரி தேடினால் முடிவே கிடையாது. அதற்குப் பதில், கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும் சில உணரிகளைச் சேர்த்து வைப்போம். ஒரு வாசனைக்கு முதலாவது அதிகம் குறையும், இரண்டாவது கொஞ்சம், மூன்றாவது நடுவில். இன்னொன்றுக்கு வேறு மாதிரி. தனியாக எந்த உணரியும் நம்பத்தகுந்தது இல்லை. சேர்ந்து அவை போடும் கோலம்தான் அடையாளம். மூன்றே உணரிகளை வைத்துப் பல வாசனைகளைப் பிரித்துக் காட்டினார்கள். நம் மூக்கும் இப்படித்தான் வேலைசெய்கிறது என்பதுதான் அவர்கள் வாதம்.

அது வெறும் ஊகமாகப் போகவில்லை. 1991-ல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் மூக்கிலுள்ள வாசனை ஏற்பிகளின் மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். 2004-ல் நோபல் பரிசும் வாங்கினார்கள். மனிதனிடம் வேலைசெய்யும் ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400. ஒரு வாசனை பல ஏற்பிகளைத் தொடும், ஓர் ஏற்பியைப் பல வாசனைகள் தொடும். எழுத்துகள் சேர்ந்து சொல்லாவது மாதிரி, 400 எழுத்துகளை வைத்துக் கணக்கில்லாத சொற்கள். வார்விக் பெட்டியில் எழுத்து மூன்றுதான், ஆனால் இலக்கணம் அதே.

நாக்குக்கும் கருவி வந்தது, அதுவும் கிட்டத்தட்ட அதே காலத்தில். செய்யாமா இருந்த அதே கியூஷு பல்கலைக்கழகத்தில் கியோஷி டோகோ என்பவர் 1990-ஐ ஒட்டிச் சுவை உணரி ஒன்றைச் செய்தார். கொழுப்புப் பொருளைப் பிளாஸ்டிக்கோடு கலந்து மெல்லிய சவ்வுகள் செய்து, அவற்றைத் திரவத்தில் நனைத்து, ஒவ்வொன்றிலும் மின்னழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது. மருந்துக் கம்பெனிகளுக்கு இது பெரிய உபகாரம். குழந்தைகள் மருந்து எவ்வளவு கசக்கும் என்று பார்க்க ஆளைத் தேடி விழுங்கவைக்க வேண்டாம் அல்லவா?

சுவை எத்தனை என்பதிலேயே சண்டை இருக்கிறது. நமக்கு ஆறு: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு. மேல்நாட்டு விஞ்ஞானம் நான்கு என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1908-ல் ஜப்பானின் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து உமாமி என்று ஐந்தாவதைச் சேர்த்தார். கார்ப்பை அவர்கள் சுவையென்றே ஏற்கவில்லை. மிளகாயின் காரம், சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியைத் தொடுகிறது என்று 1997-ல் டேவிட் ஜூலியஸ் காட்டினார் (அவருக்கு 2021-ல் நோபல்). துவர்ப்பு, எச்சிலிலுள்ள புரதத்தோடு டானின் ஒட்டிக்கொள்வதால் நாக்கு வறளும் உணர்வு என்கிறார்கள். ஆனால் டோகோவின் கருவி துவர்ப்பையும் ஒரு சுவையாக அளக்கிறது. தேநீருக்குத் துவர்ப்பில்லாமல் முடியுமா?

தேநீர் என்றதும் நம் நாட்டுக்கு வந்துவிட்டோம்.

தேயிலை விலை நிர்ணயம் ஆவது சுவைஞரின் வாயில். கொல்கத்தாவோ குன்னூரோ, ஏலத்துக்கு வரும் தூளை முதலில் அவர் பார்க்கவேண்டும். வரிசையாக வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள். இதற்கென்று ஓர் உலகத் தர அளவே 1980-ல் வந்தது: 100 மில்லி வெந்நீருக்கு 2 கிராம் தூள், ஆறு நிமிடம். சுவைஞர் ஒரு கரண்டி எடுத்துச் சத்தம் வரும்படி உறிஞ்சுவார், ஆவி மூக்கின் பின்பக்கம் ஏறவேண்டும் என்பதற்காக. பிறகு துப்பிவிட்டு அடுத்த கிண்ணம். மதிப்பெண் போடுவார். அந்த எண்தான் தோட்டத்தின் வருமானம், தோட்டத்துக்குப் பச்சை இலை விற்கும் சிறு விவசாயியின் வருமானமும் கடைசியில் அதுதான்.

தொழிற்சாலைக்குள்ளும் மூக்குதான் ராஜா. பறித்த இலையை வாட்டி, நசுக்கி, பரப்பிவைப்பார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு இலை செம்பு நிறமாகும். 'புளிக்கவைத்தல்' என்று பெயர், உண்மையில் புளிப்பது ஒன்றும் இல்லை. சீக்கிரம் உலர்த்திவிட்டால் பச்சைவாடை, கரகரப்பு. தாமதித்தால் சப்பென்று போய்விடும். எப்போது நிறுத்துவது? பரப்பிய இலையிலிருந்து பச்சைப்புல் வாடை போய்ப் பூவும் பழமும் போல ஒரு மணம் எழும். அது இரண்டு முறை உச்சத்துக்கு வரும். தேயிலைக்காரர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் முதல் மூக்கு, இரண்டாம் மூக்கு. மணத்துக்கே மூக்கு என்று பெயர்! அந்த நேரத்தைத் தவறவிடாமல் பிடிப்பவர்தான் அங்கே அனுபவஸ்தர்.

கொல்கத்தாவில் சி-டாக் என்ற மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்த வேலைக்கு ஒரு மின்னணு மூக்கைச் செய்தார்கள். நபாருண் பட்டாச்சார்யா, ரஜிப் பந்தோபாத்யாய் ஆகியோர் குழுவின் ஆய்வுக் கட்டுரைகள் 2008-ஐ ஒட்டி வெளிவந்தன. பெட்டிக்குள் ஒரு வரிசை டாகுச்சி வகை உணரிகள். எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பதன் சொந்தக்காரர்கள். தேயிலைக்கு மேலுள்ள காற்றை அவற்றின் மேல் இழுத்து, கோலம் எப்படி விழுகிறது என்று கணினி பார்க்கும். புளிக்கவைக்கும் இடத்தில் வைத்தால் மணம் உச்சத்துக்கு வரும் நேரத்தைச் சொல்லும். தூளின் முன் வைத்தால் சுவைஞர் போடக்கூடிய மதிப்பெண்ணைச் சொல்லும். அதே குழுவினர் மின்னணு நாக்கும் செய்தார்கள். தங்கம், பிளாட்டினம், பல்லேடியம், இரிடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகங்களின் மின்முனைகளைத் தேநீரில் நனைத்து, மின்னழுத்தம் மாற்றி மாற்றிக் கொடுத்து, ஓடும் மின்சாரத்தை அளப்பது.

இதைப் படித்தபோது பழைய டாக் ஆசாமியான எனக்கு வந்த முதல் எண்ணம் பொறாமை. பால் தொழிலில் எல்லாவற்றுக்கும் கருவி வந்தது, மூக்குக்கு மட்டும் வரவில்லை. ஒரு காலத்தில் பாலை அளவு பார்த்துத்தான் வாங்கினார்கள். தண்ணீர் கலந்தவன் லாபம் பார்த்தான், கலக்காதவன் ஏமாந்தான். 1890-ல் அமெரிக்காவில் பாப்காக், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தில் கெர்பர், கொழுப்பை அளக்க வழி சொன்னார்கள். 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். குழாயைச் சுழலவிட்டால் கொழுப்பு மேலே தனியாக நிற்கும், அளவுக்கோட்டைப் படித்துக்கொள்ளலாம். பால் விவசாயிக்கு இதைவிடப் பெரிய நியாயம் செய்த கருவி வேறில்லை என்பேன். கோட்டை நானும் பார்க்கலாம், அவரும் பார்க்கலாம். பிறகு மின்னணுக் கருவிகள் வந்தன, அமிலமும் போயிற்று. ஆனால் "வாடை" என்ற கட்டத்தில் எழுத மட்டும் என் முகம் கேனுக்குள் இறங்கவேண்டும். அதை இன்னொருவர் சரிபார்க்க முடியாது.

இங்கே எழுதாமல் விட்டிருக்கலாம் என்று பலமுறை யோசித்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

1988 கோடை. எனக்குக் கடுமையான சளி. விடுப்பு கேட்டேன், ஆள் இல்லை என்றார்கள். போய் நின்றேன். கெட்டுப்போகத் தொடங்கியிருந்த ஒரு கேன் என் மூக்கைத் தாண்டி உள்ளே போய்விட்டது. மொத்தத் தொட்டியும் பாழ். எனக்கு மெமோ. மறுநாள் சளி விட்டபாடில்லை, ஆனால் பயம் இருந்தது. கொஞ்சம் சந்தேகம் என்றாலும் ஓரமாக வை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமச் சங்கத்தின் கேன் ஒன்று வந்தது. குனிந்தேன். ஏதோ ஒரு வாடை மாதிரி இருந்தது. "இது வேண்டாம்" என்றேன்.

சங்கச் செயலாளர் லாரியோடு வந்திருந்தார். "சார், கொதிக்க வச்சிப் பாருங்க சார்" என்றார். சோதனைக் குழாயில் 5 மில்லி ஊற்றிக் கொதிநீரில் வைத்தோம். திரியவில்லை. விதிப்படி அது போதாது, வாடை சரியில்லை என்றாலே திருப்பலாம். நான் கையை ஆட்டிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார்: "எங்களுக்கு உங்க மூக்குதான் சார் தராசு. தராசுக்கே சளி புடிச்சா நாங்க எங்க சார் போவோம்?"

மறுநாள் காலை அவரே வந்தார். அந்தப் பாலைத் திருத்தணி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டீக்கடைக்குப் பாதி விலைக்குக் கொடுத்ததாகவும், ராத்திரி கடை மூடும்வரை அது திரியவில்லை என்றும் சொன்னார். சண்டைக்கு வரவில்லை, தெரிந்துகொள்ளட்டும் என்று சொன்னார். நான் "சரி" என்றேன். பதிவேட்டில் ஒன்றும் மாற்றவில்லை. மாற்றினால் இன்னொரு மெமோ வரும் என்று பயம்.

அப்போது ஒரு மின்னணு மூக்கு இருந்திருந்தால் அந்த இருபது வீடுகளுக்கும் நியாயம் கிடைத்திருக்குமே என்றுதான் கொல்கத்தாக் கதையைப் படிக்கும்போது முதலில் தோன்றியது. பெட்டிக்குச் சளி பிடிக்காது. மெமோவுக்குப் பயப்படாது. நூறாவது கேனில் களைத்துப்போகாது. (காற்றின் ஈரப்பதம் மாறினால் தடுமாறும், வருடக்கணக்கில் அளவு மெல்ல நகர்ந்துவிடும், அது வேறு. அவ்வப்போது சரிசெய்துகொள்ளலாம்.) பால் கெடுவதை முகர்ந்து சொல்லும் கருவிகளைப் பற்றிய ஆய்வுகளும் உலகில் பல இடங்களில் நடந்திருக்கின்றன.

இன்னும் கொஞ்சம் படித்த பிறகுதான் உறைத்தது. பெட்டிக்கு நல்ல மணம், கெட்ட மணம் என்று எதுவும் தெரியாது. அதற்குத் தெரிவது இன்றைய கோலம் நேற்றைய எந்தக் கோலத்தைப் போல இருக்கிறது என்பது மட்டும். நேற்றைய கோலத்துக்குப் பெயர் சொன்னது யார்? மனிதன். கொல்கத்தாக் கருவி முதலில் செய்த வேலை, அனுபவமுள்ள சுவைஞர்கள் மதிப்பெண் போட்ட தேயிலைகளை முகர்ந்து பழகியது. இந்தக் கோலத்துக்கு இத்தனை மதிப்பெண், அந்தக் கோலத்துக்கு அத்தனை என்று பாடம் படித்த பிறகுதான் அது தானாக மதிப்பெண் போட்டது. அதாவது, ஒரு நல்ல நாக்கு பல வருடம் உழைத்துச் சேர்த்ததை அது கடன் வாங்கிக்கொள்கிறது.

நல்லது, கெட்டது என்பது எவ்வளவு நம் கையில் இருக்கிறது என்பதற்கு நம் மொழியே சாட்சி. பழந்தமிழில் நாற்றம் என்றால் மணம், நறுமணம். இன்று அந்தச் சொல்லைப் பூக்கடையில் சொன்னால் அடி விழும். எங்களுடையது எல்லை ஊர். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தோம், இன்றும் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். தெலுங்கிலும் இதே கதை. 'கம்பு' (நம் கம்பங்கூழ் கம்பு அல்ல) என்ற சொல் பழைய காவியங்களில் நறுமணத்தைக் குறித்தது, இன்று தெருவில் துர்நாற்றம். பூவின் ஆவி அதேதான். மூக்கும் அதேதான். பெயர்தான் மாறியது. பெட்டிக்கு எந்தக் காலத்து அகராதியைக் கொடுக்கிறோமோ அதையே அது திருப்பிச் சொல்லும்.

என் மூக்கு பாதிக்குமேல் திரும்பிவிட்டது. ஏழெட்டு மாதம் ஆயிற்று. முதலில் வந்தது பெருங்காயம், அப்புறம் காப்பி, அதுவும் கொஞ்ச நாள் கருகிய வாடையாக. 2022 ஆடிக் கிருத்திகைக்கு மலையேறினேன். 365 படியை இப்போதெல்லாம் மூச்சு வாங்கி வாங்கித்தான் ஏறுகிறேன். என்னைத் தாண்டிப் புஷ்பக் காவடிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு திருப்பத்தில் சம்பங்கியும் சந்தனமும் விபூதியும் வியர்வையும் எல்லாம் ஒன்றாக வந்து மோதின. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே வந்த ஒரு அம்மா, "என்ன ஐயா, முடியலையா?" என்று கேட்டார். முடிகிறது அம்மா என்றேன்.

உட்கார்ந்திருந்தபோது அந்தப் பதிவேடு நினைவுக்கு வந்தது. தேதி, சங்கத்தின் எண், கேன் எண், காரணம்: வாடை, கீழே என் கையெழுத்து. அந்த நிலையத்தின் பழைய பதிவேடுகள் இன்னும் இருக்கின்றனவா தெரியாது. இருந்தால், பால் முகரும் பெட்டி ஒன்றுக்குப் பாடம் சொல்ல ஒரு நாள் யாராவது அவற்றை எடுக்கலாம். முப்பது வருட அனுபவம் என்று மரியாதையாகவே எடுப்பார்கள். அந்த 40 லிட்டர் நல்ல பால் அதில் கெட்ட பால் என்றுதான் இருக்கும். பெட்டிக்கு அதைச் சந்தேகப்பட வழியில்லை.

அதனால் இதை இங்கே எழுதி வைக்கிறேன். 1988 கோடையில், பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து வந்த அந்தக் கேனில் வாடை இல்லை. எனக்குச் சளி.